ஆயாவின் தகர டின்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை. இட்லி, பொங்கல், வடை, காபி. நாலு பெஞ்சு. அப்பா அதைத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. எழுபதுகளின் கடைசி. இப்போது தம்பி நடத்துகிறான்.

அந்தக் காலத்துக் கடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொங்கல் வாசனை இல்லை, பின்கட்டில் இருந்த கழுநீர்த் தொட்டிதான். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு எல்லாம் அதில் போகும். பத்தரை மணிக்கு மாட்டுக்கார ஆயா தகர டின்னோடு வருவார். அவருக்கு மூன்று மாடு. டின்னில் ஊற்றுவதற்கு முன் முழங்கை வரை கையை விட்டு, அடிமட்டம் தொட்டுத் துழாவுவார். ஒருநாள் தையல் இலையின் ஈர்க்குச்சி கையில் தட்டுப்பட்டது. அப்பாவைக் கடைவாசலுக்கே கூப்பிட்டுக் கேட்டார்: "வாயில்லாத சீவன்பா. தொண்டையில குத்திக்கினா உங்கிட்ட வந்து சொல்லுமா?" அன்று முதல் இலைக்குத் தனிக்கூடை வந்தது.

இலைக்கூடை பின்புறக் குழிக்குப் போகும். அடுப்புச் சாம்பலை அதன்மேல் தூவுவோம். மாதத்துக்கு ஒருமுறை அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கட்டைவண்டியோடு வந்து வாரிக்கொண்டு போவார். கொல்லைக்கு எரு. காபித் தூள் சக்கை எதிர்வீட்டு மல்லிகைக்கு. காலி எண்ணெய் டின்னை வாங்க ஒருவர், கோணிப்பையை வாங்க இன்னொருவர். பழைய செய்தித்தாளை நாங்களே விலை கொடுத்து வாங்கினோம், வடை மடிக்க. பால் கேனில் வந்தது, கேனிலேயே திரும்பிப் போனது. கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருந்தார். 'குப்பை' என்று அப்பா சொன்னது பெருக்கி அள்ளிய தூசியை மட்டும்தான்.

ஆசிரமத்தில் ரமணரோடு வாழ்ந்தவர்கள் சிலர் அப்போது கடைக்கு வருவார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ரமணர் விடியுமுன் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்குவாராம். கீழே சிந்திய நாலு அரிசியைக்கூடப் பொறுக்கி எடுப்பாராம். வந்த கடித உறையைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் எழுதுவாராம். அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளிலும் இவை பதிவாகியிருக்கின்றன. 1950-இல் அவர் மறைந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்தப் பழக்கம் இந்தத் தெருவில் படிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றும்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கடையில் எச்சில் இலை எடுக்க வந்த ஒரு அம்மாவுக்குக் கூலி என்று ஒன்று கிடையாது. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் மிச்சச் சோறு. பின்வாசலில் நின்றுதான் வாங்கிக்கொள்வார். ஒருநாளும் அவரை நாங்கள் பெஞ்சில் உட்காரச் சொன்னதில்லை. கடை சுத்தமாக இருந்ததில் அவருடைய உழைப்பு எவ்வளவு என்று அப்போது எங்கள் வீட்டில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பிறகு பௌர்ணமி கிரிவலம் பெருகியது. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம். கார்த்திகை தீபத்துக்குப் பல லட்சம் பேர். குளிர்காலத்தில் வெளிநாட்டார். கடைகள் நெருங்கின. இலைமேல் பிளாஸ்டிக் தாள் விரித்தோம், கழுவும் வேலை மிச்சம் என்று. சாம்பார் பையில் கட்டினோம். பால் கவரில் வந்தது. எல்லாம் ஒரே கூடையில் விழுந்தது. ஆயா ஒருநாள் கைவிட்டுத் துழாவி, பால் கவர் ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்தார். அன்று திட்டவில்லை. காலி டின்னோடு போனவர் திரும்ப வரவில்லை. அவருடைய கொட்டகை இருந்த மனையில் இன்று ஒரு லாட்ஜ் நிற்கிறது.

கலந்தால் எதற்கும் ஆள் வரமாட்டார்கள். சாம்பார் ஒட்டிய கவரைக் காயலான் கடை வாங்காது, கவர் கிடக்கும் சோற்றை மாடு தின்னக் கூடாது, கண்ணாடித் துண்டு கலந்த எருவை எந்தக் கொல்லையிலும் போட முடியாது. ஆள் இல்லாததெல்லாம் கடைசியில் மலையைச் சுற்றித்தான் குவிந்தது. ஈசான்ய லிங்கம் பக்கம் கிரிவலம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த வருடங்கள் உண்டு. குப்பைக்கு வேறு இடம் தேடியபோது புனல்காடு கிராமத்து மக்கள் தங்கள் ஊரடியில் வேண்டாம் என்று போராடினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் கூடையை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

2016-இல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு தந்தவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு இருந்தது. பெரிய ஓட்டல்கள் அதில் வந்தன. தம்பியும் நானும் ஒரு வாரம் தராசு வைத்துப் பார்த்தோம். எங்கள் கடைக்கு நாளுக்குப் பதினைந்து கிலோவைத் தாண்டவில்லை. தனியாக நாங்கள் சிறிய கடைதான். ஆனால் எங்கள் வரிசையில் எட்டுக் கடை. எட்டையும் சேர்த்தால் ஒரு பெரிய ஓட்டல். அந்தக் கணக்கைத்தான் மற்ற கடைக்காரர்களிடம் கொண்டுபோனேன். தரம் பிரிக்க எங்களோடு சேர்த்து ஆறு கடை ஒத்துக்கொண்டது.

இப்போது மூன்று கூடை. ஈரமானது தினமும் பேட்டரி வண்டியில் நுண் உர மையத்துக்குப் போகிறது. அங்கே சாணக் கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டி, ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் எரு ஆக்குகிறார்கள். பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் விடச் சொல்லியிருக்கிறோம். அந்தச் சின்ன மூலைதான் சாக்கடைக்குள் போவது. கழுவிக் காயவைத்த கவருக்குக் காயலான் கடையில் தனி விலை. வடைச் சட்டி எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் வரம்பு இருக்கிறது, கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியதைப் பயோடீசலுக்கு எடுக்க ஆள் வருகிறார்கள். அப்பா காலத்தில் அதே எண்ணெயைக் கறுக்கும்வரை காய்ச்சினோம். இந்த ஒன்றில் இன்றைய நாள்தான் நல்ல நாள்.

தரம் பிரித்து எடுத்துப்போகிற அக்காவுக்கு ஆறு கடையும் சேர்ந்து மாதச் சம்பளம் தருகிறோம். கையுறை, பூட்ஸ், காலை டிபன். டிபனைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாட்டுக்காக ஆயா காட்டிய கண்டிப்பு இவரிடமும் இருக்கிறது. கலந்த கூடையை அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பிரித்திருக்கிறேன்.

எங்களால் முடியாமல் நிற்பது பேப்பர் கப். பேர்தான் பேப்பர், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. அதனால் மக்குவதில்லை, காயலான் கடையும் தொடுவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருட்களில் இதுவும் சேர்த்தி. தம்பி நிறுத்தினான். கொரோனாவுக்குப் பிறகு டம்ளரைப் பார்த்தாலே முகம் சுளித்தார்கள். "டம்ளர் வேணாம்பா, கப்புல குடு" என்று அடுத்த கடைக்குப் போனார்கள். அவனுக்கும் வாடகை கட்ட வேண்டும். மறுபடி வாங்கி வைத்தான்.

போன பௌர்ணமிக்கு முன் ஒன்று செய்தான். பின்கட்டில் இருந்த வெந்நீர் அண்டாவைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து, பாய்லருக்குப் பக்கத்தில் வைத்தான். எவர்சில்வர் டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழுவதை, காபிக்கு நிற்கிறவர் கண்ணால் பார்க்கிறார். கப் கேட்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். மற்றப் பாதி, கையில் கப்போடு நடந்துகொண்டே குடிக்கிற கிரிவலக்காரர்கள். அவர்களை எங்கே நிற்கவைப்பது என்று இரவு கடை கட்டும்போது இருவரும் பேசிக்கொள்கிறோம். வாசலில் இன்னொரு பெஞ்சு போட இடம் இருக்கிறதா என்று நேற்றுத்தான் நாடா பிடித்து அளந்தோம்.