கட்டின காசும் கடலும்

மாலத்தீவுக்குப் போகிறவர்களில் தேனிலவுத் தம்பதி உண்டு. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறவர் உண்டு. நாள் முழுக்க மணலில் குப்புறப் படுத்துப் புத்தகம் படிக்கும் ஐரோப்பியரும் உண்டு. இவர்கள் எல்லாரும் கடலைப் பார்க்க வருகிறவர்கள். வசூல் பயணி வேறு ரகம். அவர் கணக்கில் கடல் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. நாலு ராத்திரிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது; அதைப் பைசா பாக்கியில்லாமல் திரும்ப வாங்கத்தான் அவர் கிளம்புகிறார்.

இவர் சென்னையிலும் கோவையிலும் அதிகம் தென்படுவார். வயது நாற்பதைச் சுற்றி இருக்கும். உடன் வருவோர் மனைவி, ஒரு பிள்ளை, ஓர் எக்செல் தாள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே பிறந்துவிடும் அந்தத் தாளில் ரிசார்ட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். மாலத்தீவில் இருக்கும் 1190 சொச்சம் பவளத்தீவுகளில் ஏறக்குறைய இருநூற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள். வேறு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தீவுகள், தீவுக்கு ஒன்று என்று ரிசார்ட்டுகளுக்குப் போய்விட்டன. மாஃபுஷி மாதிரி ஊர்த்தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தண்ணீருக்கு மேல் மரக்கால் ஊன்றி நிற்கும் வீடு அங்கே கிடையாது. அந்த வீடு இல்லாத படத்தை வாட்ஸாப்பில் போட்டால் மச்சினர், “கோவளமா மாப்ள?” என்று கேட்டுவிடுவார். ஆகவே ரிசார்ட். அதிலும் கட்டுப்படியாவதற்காக இரண்டு இரவு கரை வீடு, இரண்டு இரவு தண்ணீர் வீடு.

டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை வானம் தெளிவு, வாடகை உச்சம். மே பிறந்தால் தென்மேற்குக் காற்று, மழை, தள்ளுபடி. பள்ளி விடுமுறையும் தள்ளுபடியும் மே மாதத்தில் கைகோத்து நிற்பதால் வசூல் பயணி வேறு யோசனைக்கே போக மாட்டார். “பெஞ்சா அஞ்சு நிமிஷம்தான் சார்” என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருப்பார். அறை வாடகைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். அவற்றை அச்சுப்பிழை என்று நினைப்பதுதான் இந்த ரகத்தின் முதல் சறுக்கல். ஒரு குறி பத்து சதவீத சேவைக் கட்டணம். மற்றது சுற்றுலா வரி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். இவை போதாதென்று தலைக்கு, இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. மூன்று தலை, நாலு இரவு, 144 டாலர். தாளில் புதிதாக ஒரு பத்தி முளைக்கும்.

இரண்டாவது சறுக்கல் விமானத்தில். மாலை நேர விமானம் சில ஆயிரம் ரூபாய் மலிவு என்று அதைப் பிடித்திருப்பார். மாலே விமான நிலையமே ஒரு தீவு. ஓடுபாதை கடலில் தொடங்கிக் கடலில் முடியும். அங்கிருந்து தூரத்து ரிசார்ட்டுகள் பலவற்றுக்குப் போக, தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம்தான் வழி. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பது இவருக்கு அந்தி சாய்ந்து அரை மணி நேரம் கழித்துத் தெரியவரும். தீவில் வாடகை கட்டிய வீடு முதல் ராத்திரி காலியாகக் கிடக்க, குடும்பம் தலைநகரத்தை ஒட்டிய விடுதி ஒன்றில் தனிக் காசு கொடுத்துப் புரளும். மறுநாள் காலை பெட்டிகளை எடை போடுவார்கள். ஆளுக்கு 20 கிலோ, கைப்பை ஐந்து கிலோ. மீறியதில் பெரும்பகுதி முறுக்கு. சுமார் பதினைந்து பேர் உட்காரும் அந்த ட்வின் ஆட்டர் விமானத்தை விமானி வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்த்ததும் இவர் மனைவியின் காதில், “இவ்வளவு வாங்குறானுங்க, செருப்புகூட வாங்கித் தரலையா?” என்பார்.

தீவுகளின் பழங்கதை அவருக்குத் தெரியாமல் இல்லை. ராஜராஜ சோழன் வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்லும் பழந்தீவு பன்னீராயிரம் இதுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அதை வரவேற்பறையில் எடுத்துச் சொல்லி, அறையை உயர்த்தித் தர முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. மொழியும் அவருக்குச் சாதகமாகவே இருக்கும். படகைத் தோணி என்கிறார்கள். முதலில் கிரிக்கெட் நினைவுக்கு வந்து, பிறகுதான் தமிழ் நினைவுக்கு வரும். 1972-இல் திறந்த முதல் ரிசார்ட்டின் பெயர் குரும்பா. திவேகி மொழியில் அதற்கு இளநீர்க்காய் என்று பொருள். நம் குரும்பையின் நெருங்கிய உறவாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தீவுகளில் உண்மையாகவே வசூல் செய்த பயணி ஒருவர்தான். 1343-இல் வந்து இறங்கிய இப்னு பதூதா மாதக்கணக்கில் தங்கினார், காஜி பதவியில் அமர்ந்தார், அரச குடும்பத்தில் பெண் எடுத்தார். பசுமை வரி கட்டியதாகத் தகவல் இல்லை.

ரிசார்ட்டில் வந்து இறங்கியதும் நம்மவருக்குக் குளிர்ந்த துண்டும் ஜூஸும் தருவார்கள். இலவசம் என்று உறுதியான பிறகே குடிப்பார். அடுத்து கடிகாரப் பிரச்சினை. மாலத்தீவு நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகளோ விருந்தாளிக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவுக்கு மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருக்கும். அறையைக் காலி செய்ய வேண்டிய பன்னிரண்டு மணி, இந்தியக் கணக்கில் பதினொன்றரைதான். அரை மணி நேர வாடகை போயிற்றே என்று அவர் மனம் அடித்துக்கொள்ளும். வரும்போதும் அரை மணி முன்னதாகவே சாவி கிடைத்தது என்று மனைவி சொன்னால் அது கணக்கில் சேராது.

சாப்பாட்டு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவர் எடுத்திருப்பது காலையும் இரவும் மட்டும் சாப்பாடு உள்ள திட்டம். ஆகவே காலைப் பந்தி பத்தரைக்கு முடியும் என்றால் ஒன்பதரைக்கு உள்ளே போவார். முதல் அரை மணி நேரம் சிற்றுண்டி, அடுத்தது மதியச் சாப்பாடு. சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனியை ஒரு வாய் வைத்துவிட்டு, இது மாசிச் சம்பலின் ஒன்றுவிட்ட தம்பி என்று கண்டுபிடிப்பார். சம்பலுக்கான மாசிக் கருவாடே இந்தக் கடலின் பழைய சரக்குதான். பிறகு இந்திய மூலைக்கு நகர்ந்து, தொப்பி வைத்த சமையல்காரரின் சட்டையில் உள்ள பெயரைக் கூர்ந்து பார்ப்பார்.

“தம்பி, எந்த ஊரு?”

“நாங்குநேரிப் பக்கம் சார்.”

அத்தோடு அந்தப் பயணத்தின் மிகப்பெரிய வசூல் தொடங்கிவிடும். அன்று இரவே பட்டியலில் இல்லாத ரசம் வரும், மறுநாள் பொடி தோசை வரும். பந்தியில் எந்த வெளிநாட்டுக்காரருக்கும் கிடைக்காத ரசம் என்பதால் அதை மூன்று முறை வாங்குவார். காய்கறியும் வெங்காயமும் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இந்தத் தீவுகளுக்குப் போவது உண்டு. சொந்த ஊர் வெங்காயம் டாலரில் திரும்பி வருவதை அந்தத் தம்பியே விளக்கும்போது இவர் முகத்தில் ஒரு வலி ஓடும்.

மதியத்துக்கென்று பிள்ளையின் பள்ளிப் பையில் நாலு வாழைப்பழமும் இரண்டு பன்னும் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வெளியேறும். தண்ணீர் வீட்டின் படியில் உட்கார்ந்து அதைப் பிரிக்கும்போது சாம்பல் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்று பார்க்கும். அதற்கு இந்தப் பந்தி பழக்கம். மிதக்கும் தட்டில் வரும் காலைச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு. படத்துக்காக ஒரு நாள் மட்டும் வரவழைப்பார்கள். பிள்ளை நீச்சல் குளத்தில் குதித்த அலையில் காபி தட்டிலும் தட்டு குளத்திலும் கலக்கும்.

கண்ணாடித் தரை பதித்த அறை அந்த வீட்டின் பெருமை. பகலில் அதன் வழியே மீன் பார்ப்பார்கள். இரவில் அடியில் என்னவோ நெளிகிறது என்று மனைவி அதன்மேல் பெட்டியை நகர்த்தி வைத்துவிடுவார். அதற்கும் சேர்த்துத்தானே வாடகை என்று இவர் முனகுவார்.

முகமூடியும் மூச்சுக்குழாயும் துடுப்புக் காலணியும் கட்டணமில்லை என்று அறிவிப்புப் பலகையில் பார்த்த கணத்தில் ஸ்நார்க்கலிங் இவருடைய உயிர் மூச்சாகிவிடும். முதல் தடை மீசை. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது; மீசையின் ஒவ்வொரு மயிரும் கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும். மழித்துவிடலாம், அல்லது மேலுதட்டில் வாசலின் தடவலாம் என்பார் பயிற்சியாளர். முதல் யோசனையைக் கேட்காத மாதிரி இருந்துவிடுவார். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும் என்பது அடுத்த பாடம். இவ்வளவு டாலர் கட்டி எச்சில் துப்பவா என்று தயங்கினாலும் பிறகு தாராளமாகச் செய்வார்.

தண்ணீருக்குள் வேறு உலகம் என்பது உண்மை. 1998-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்த பிறகும், மீண்டு வளர்ந்த இடங்களில் மீன் கூட்டம் கண்ணைப் பறிக்கும். கிளிமீன் பவளப் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் ஓசைகூடத் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். தின்ற பாறையை மாவாக்கி அது கழிப்பதுதான் கரையில் கிடக்கும் வெள்ளை மணலில் பெரும் பங்கு. இதைப் பயிற்சியாளர் சொன்ன பிறகு மனைவி மணலில் துண்டு விரிக்காமல் உட்கார மாட்டார். முழங்கால் ஆழத்தில் கறுப்பு முனைத் துடுப்போடு சுறாக்குட்டிகள் சுற்றும். ஐரோப்பியக் குழந்தைகள் வியந்து நிற்க, நம்மவர் மனம் சுறாப்புட்டுப் பக்கம் போகும். 2010-லிருந்து அங்கே இந்தச் சுறாக்களைப் பிடிக்கத் தடை.

பிளாஸ்டிக் உறையில் போட்ட கைப்பேசி நீருக்குள் விரல் தொடுவதை உணராது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் படம் எடுக்கும். இது தெரியும்வரை எடுத்த நாற்பது படங்களில் அவருடைய கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கும். நிற்க இடம் தேடிப் பவளத்தின்மேல் கால் வைத்துவிட்டு, பயிற்சியாளரின் விசிலுக்குத் துள்ளுவார். நூறாண்டு வளர்ந்ததை ஒரு துடுப்புக் காலணி நொடியில் உடைத்துவிடும் என்பதால் அந்த விசிலில் கோபம் நியாயமாகவே இருக்கும்.

ஆமை பார்க்கப் படகில் கூட்டிப் போவதற்குத் தனிக் கட்டணம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று மாமியார் சொல்வதை மனைவி நினைவூட்டுவார். இங்கே ஆமையின் வீட்டுக்குள்தான் அமீனா புகுந்திருக்கிறார். ஆமை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல ஆழத்துக்குப் போய்விடும். காசுக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி என்று இவர் மேலேயே மிதந்துகொண்டிருப்பார்.

கடைசிக் காலையில் ஷாம்பு புட்டிகளை எடுத்து வைக்கப் போனால் அவை சுவரில் திருகி மாட்டிய பீங்கான் குடுவைகளாக இருக்கும். பிள்ளை டிபன் டப்பாவில் ஒளித்து வைத்த பவளத் துண்டு விமான நிலையச் சோதனையில் பிடிபடும். அதை நாட்டைவிட்டு எடுத்துப் போக அனுமதியில்லை. பில்லில் எலுமிச்சை ஜூஸ் இரண்டு என்று இருக்கும். ஒன்றுதான் குடித்தோம் என்று அரை மணி நேரம் வாதாடி, வென்று, அந்த வெற்றியை விமானம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார்.

இலவச முகமூடியைக் காலையிலிருந்து மாலைவரை கழற்றாமல் மிதந்ததில் முதுகுத்தோல் கத்திரிக்காய் சுட்டது போல் உரிந்திருக்கும். சட்டை போட முடியாது, சாய முடியாது. சென்னை வந்து மூன்று நாள், அந்த ஐரோப்பியர் மணலில் படுத்திருந்த அதே வாகில், அம்பத்தூர் வீட்டு மொசைக் தரையில் மின்விசிறிக்குக் கீழே குப்புறப் படுத்திருப்பார். நலம் விசாரிக்க வந்த மச்சினர், “எப்படி மாப்ள இருந்துச்சு?” என்று கேட்டால், தலையைத் தூக்காமலே பந்தியில் எத்தனை வகை இருந்தது என்று சொல்லத் தொடங்குவார்.