முதுகைக் காட்டி உட்கார்!

கே: அணுகுண்டை வானத்தில் வெடித்துப் பார்த்த காலத்தில் பட்டாளத்துக்காரர்களைப் பக்கத்தில் நிறுத்தினார்களாமே, நிஜமா?
(முன்னாள் ராணுவத்தினர், டி. கல்லுப்பட்டி)

ப: நிஜம்தான். 1951 முதல் 1957 வரை அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 'டெசர்ட் ராக்' பயிற்சி. பதுங்குகுழியில் குனி, கண்ணைப் பொத்து, வெடித்ததும் எழுந்து காளான் புகையை நோக்கி நட. சோவியத் சும்மா இருக்குமா? 1954 செப்டம்பர் 14-இல் டோட்ஸ்கோயேயில் ஒரு குண்டைப் போட்டு, சுமார் 45,000 பேரை வைத்துப் போர் ஒத்திகை நடத்தியது. பிரிட்டன் தன் ஊர் மண்ணில் வெடிக்கவில்லை, அவ்வளவு விவரம்! ஆஸ்திரேலியாவுக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கும் போனது. தீவில் சிப்பாய்கள் வெடிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மூடிய கண்ணுக்கு, பொத்திய கையின் எலும்பு தெரிந்ததாகப் பலர் பின்னாளில் சொன்னார்கள்.

கே: பாதுகாப்புக்கு எதுவுமே கொடுக்கவில்லையா?
(பிளஸ் டூ மாணவி, பேரையூர்)

ப: பேட்ஜ் கொடுத்தார்கள். உறைக்குள் துண்டு பிலிம். காமா கதிர் பட்டால் கறுக்கும். அது பாதுகாக்காது தாயி, கணக்குத்தான் எழுதும். அதுவும் நெவாடாவில் சில பயிற்சிகளில் ஒரு பிளாட்டூனுக்கே ஒரு பேட்ஜ். அதில் விழுந்ததுதான் மற்றவர் கணக்கிலும். உங்கள் பக்கத்து ஊர் டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா லண்டனில் தணிக்கை படித்தவர். இந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். மூச்சில் போன தூசி சட்டையில் குத்திய பிலிமுக்கு எப்படித் தெரியும்? புளூட்டோனியத்தின் ஆல்பா கதிரைத் தோலே தடுத்துவிடும். நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் அங்கே தோல் ஏது?

கே: நோய் வந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்ததா?
(கணக்கர், திருமங்கலம்)

ப: கிடைத்தது, இருந்தவர்களுக்கு. நெவாடாவில் 1957-இன் 'ஸ்மோக்கி' வெடிப்பில் பங்கேற்ற மூவாயிரத்துச் சொச்சம் பேரில் ஒன்பது பேருக்கு ரத்தப் புற்றுநோய் என்று பின்னர் கண்டார்கள். எதிர்பார்க்கத்தக்கது நாலுக்கும் குறைவு. பிரிட்டிஷ் வீரர்களைப் பற்றிய ஆய்வுகளிலோ மொத்த இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. இந்த இழுபறியில் 'நிரூபி' என்ற சுமை சிப்பாய் தலையில். ஆவணம் கேட்டால்? 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் காப்பகம் தீப்பற்றி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ராணுவக் கோப்புகள் சாம்பல். வாயைத் திறக்கலாமென்றால் ரகசியக் காப்பு உறுதிமொழி. அமெரிக்கா அதைத் தளர்த்தியது 1996-இல். டாக்டரிடம் கூடச் சொல்ல முடியாத வியாதி! 1990 சட்டம், பட்டியலிட்ட புற்றுநோய் வந்தவருக்கு 75,000 டாலர் என்றது. பிரிட்டன் 2022-இல் பதக்கம் அறிவித்தது. அதன் முதல் குண்டு வெடித்து எழுபது வருஷம் கழித்து. குத்திக்கொள்ள நெஞ்சு எத்தனை மிச்சம்?

கே: நம்மவர் யாரும் தட்டிக் கேட்கவில்லையா?
(ஆசிரியை, எம். சுப்புலாபுரம்)

ப: பிகினியில் அமெரிக்காவின் 'பிராவோ' குண்டு வெடித்த மறுமாதமே, 1954 ஏப்ரலில், நேரு நிறுத்தச் சொன்னார். 1962 செப்டம்பரில் ராஜாஜி, 83 வயதில், வாஷிங்டன் போய்க் கென்னடியிடம் நேரிலேயே கேட்டார். அப்போதும் பசிபிக்கில் அமெரிக்காவின் 'டொமினிக்' வெடிப்பு வரிசை நடந்துகொண்டுதான் இருந்தது, நவம்பரில் ஓய்ந்தது. அடுத்த ஆகஸ்டில் மூன்று வல்லரசுகளும் வானில் வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கிழவர் சொல்லித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நடுவில் கியூபா ஏவுகணைக் கிலியும் வந்ததே.

கே: போக்ரானில் நம் ஜவான்களையும் இப்படி நிறுத்தினோமா?
(டீக்கடை நண்பர்கள், டி. குன்னத்தூர்)

ப: இல்லை. 1974, 1998 இரண்டுமே பூமிக்குள். ஜவான்களுக்கு வாய்த்தது குழி வெட்டும் வேலை. 1998-இல் ராணுவ உடுப்பு மாட்டும் வேலை கலாமுக்கு. பெயர், 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்'. முடியை மட்டும் மறைக்க முடிந்திருக்காது!