வால் முளைத்த கார்கள்

அமெரிக்கக் காருக்கு அழகு வாலில், ஐரோப்பியக் காருக்கு அழகு அடக்கத்தில் என்பார்கள். 1959 கடிலாக்கின் வாலைப் பார்த்தால், வண்டி வானத்துக்கே புறப்படப் போகிறதோ என்றிருக்கும். அதே ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் இத்தாலிய வடிவமைப்பாளர் பினின் ஃபரினா சின்னதாய் ஒரு வால் வைத்துவிட்டார். அடக்கத்துக்கும் ஆசை இருக்காதா?

இந்த வழக்கை வன்னியின் மல்லாவி எப்போதோ தீர்த்துவிட்டது. 90களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் பெற்றோல் வராதபோது, ஒஸ்ரினும் மொறிஸும் சொட்டுப் பெற்றோலில் கண்விழித்து மண்ணெண்ணெயில் ஊர் சுற்றின. வாலில்லாத காருக்கும் பின்னால் நீளமாய் ஒரு புகை வால்! கடிலாக்குக்கு இந்த நீளம் வருமா? நிறமோ, கூரை முதல் சில்லு வரை ஒரே செம்மண். வடிவமைப்பாளர் எவரும் சம்பளம் கேட்கவில்லை.

இப்போது விடுமுறைக்கு வரும் பாரிஸ் சித்தப்பாவும் நியூயோர்க் மாமாவும் மாங்குளத்தில் தொடங்கி மல்லாவி வரை வாதாடுகிறார்கள்.

"ஜேர்மன் காரின்ர வடிவு வருமே?"

"அமெரிக்கன்ர கம்பீரம் தெரியுமே உமக்கு?"

ஓட்டோக்காரத் தம்பி பணிவாகக் கேட்டான்: "ஐயா, உதில எது நெல்லு மூட்டை ஏத்தும்?"

இரண்டு கண்டங்களும் வாயடைத்தன. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வழிவிடாமல் முன்னால் போனது.