சனிக்கிழமை நீதிபதி

அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ குடியேறி, வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை காலையிலேனும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று மனப்பால் குடிக்கும் நம்மவர் ஒருவருக்கு, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் புத்திரியும் அந்தப் புத்திரிக்கு விவாதப் போட்டியில் மோகமும் இருக்குமானால், அவர் நீதிபதி ஸ்தானத்துக்கு நியமனமாகிவிட்டார் என்றே கொள்ளலாம். இத்தனை பிள்ளைகளை அனுப்பினால் இத்தனை நடுவர்களையும் உடன் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் போட்டிகளின் விதி. ஆள் அகப்படாத பள்ளி பெற்றோரைத்தான் பிடிக்கும். சட்ட ஞானம் அவசியமில்லை. கார் ஓட்டத் தெரிந்தால் போதும்.

பையன்கள் உட்காரும் மேசை நாற்காலிக்குள் தம் திருமேனியை ஒருவாறு செருகிக்கொண்டு அவர் அமர்ந்தவுடன், கோட்டும் டையும் அணிந்த பிள்ளைகள் எதிரே நின்று, "ஜட்ஜ், உங்கள் பாரடைம் என்ன?" என்று விநயமாகக் கேட்பார்கள். எந்த அளவுகோலால் எங்களை அளப்பீர்கள் என்பது அதன் தாத்பரியம். இருபது வருஷ உத்தியோகத்தில் கிடைக்காத 'ஜட்ஜ்' பட்டம் ஒரு நொடியில் கிடைத்த ஆனந்தத்தில், "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லி வைப்பார். பக்தியோடு தலையாட்டிவிட்டு, 4 நிமிஷப் பேச்சில் 8 நிமிஷச் சரக்கை ஏற்றி அனுப்புவார்கள்.

வாதங்களைக் குறிக்கும் தாளுக்கு 'ஃப்ளோ' என்று பெயர். பழுத்த நடுவரின் தாளில் பேச்சுக்கு ஒரு பத்தி. எந்த வாதத்துக்கு எவர் விடை சொன்னார், எதைக் கண்டும் காணாமல் நழுவினார் என்பதெல்லாம் அம்புக்குறிகளால் விளங்கும். விடையளிக்காத வாதம் ஒப்புக்கொண்ட வாதமாகிவிடும். நம் நடுவரின் தாளிலோ முதற்பத்தியில் மூன்று வரி, இரண்டாவதில் 'பொருளாதாரம்?' என்ற ஒரு சொல். மூன்றாவதில், திரும்பும் வழியில் வாங்க வேண்டிய பாலும் கொத்தமல்லியும். இரு கட்சியாரும் 3 நிமிஷம் நேருக்கு நேர் மோதும் 'கிராஸ்ஃபயர்' மாத்திரம், வீட்டில் நித்தியம் நடப்பதாகையால், அவருக்கு முழுக்க விளங்கும். அங்கே சொன்னதைப் பிற்பாடு பேச்சில் எடுத்து வைத்தால்தான் கணக்கில் சேரும் என்பது மரபென்று பிறகு யாரோ சொல்வார்கள்.

மதிப்பெண் 30-க்கு. 25 போட்டால் நம் ஊர்க் கணக்கில் அது முதல் வகுப்பாயிற்றே என்று அவர் பெருமிதம் கொள்வார். பெரும்பாலும் அதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லையாதலால், வாங்கிய பையனின் முகம் இழவு வீடாகிவிடும். கடைசியில், தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'இவர்கள் சொன்னது எனக்குப் புரிந்தது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார்.

தோற்றவர்கள் வெளியே போய் அவரைத் தூற்றுவார்கள். ஆயினும், 'பப்ளிக் ஃபோரம்' என்ற இந்த விவாத வகை 2002-இல் ஏற்பட்டதே, பயிற்சியற்ற சாமானியப் பிரஜையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி பேசப் பழக வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே அவருடைய தீர்ப்பில் பிழையில்லை: கொத்தமல்லியை மறக்கும்படி எவர் பேசினாரோ, அவரே வென்றவர்.