தெருமுனை மளிகைக் கடைகளில் தாட்சண்யம்: கல்லாவடிக் குனிதலை முன்வைத்து ஓர் ஆய்வு

கடனைப் பற்றி நம் ஆய்வாளர்கள் எழுதியதெல்லாம் வாங்கியவர் பக்கம் நின்று எழுதியது. கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க வாய் வராமல் நெளிகிற அண்ணாச்சிக்கு எந்தக் கருத்தரங்க ஆய்வுக்கோவையும் பத்துப் பக்கம் ஒதுக்கவில்லை. இடைவெளி இருந்தால் ஆய்வாளர் அதில் புக வேண்டும் என்பது விதி. இடைவெளி ஏன் இருந்தது என்று கேட்கக்கூடாது என்பதும் விதி.

முன்னோர் கருத்து இரண்டு. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். பழகியவர் கேட்டதை மறுக்க மாட்டாமை என்கிற பொருள்படப் பரிமேலழகர் அதை விளக்குகிறார். அரிசிக் கடைக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் வேறில்லை. எனவே வள்ளுவர் மளிகைக் கடை வைத்திருந்தார் என்பது பெறப்படும். இதைவிடச் சிறிய சான்றுகளைக் கொண்டு அவரை வேறு எத்தனையோ ஆக்கியிருக்கிறோம். அடுத்து, பிரான்சு நாட்டு மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த கொடை பற்றிய நூலில் மூன்று கடப்பாடுகளைச் சொன்னார்: கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல். முதலிரண்டும் நம் தெருவில் உறுதியாகிவிட்டன. மூன்றாவதற்குக் களச்சான்று எதிர்பார்க்கப்படுகிறது.

தாட்சண்யம் ஐவகைப்படும். ஏன் ஐந்து என்றால், திணை ஐந்து. ஆறாவதாக ஏதும் கிடைத்தால் பெருந்திணை என்று பெயரிட்டு ஒதுக்கிவிடலாம்.

ஒன்று, ஊர்த் தாட்சண்யம். “அண்ணாச்சிக்கு உடன்குடியா? நமக்குத் திசையன்விளை” என்ற இரண்டு வாக்கியத்தில் இரண்டு கிலோ துவரம்பருப்பு படியிறங்கிவிடும்.

இரண்டு, ரசீதுப் புத்தகத் தாட்சண்யம். ஆடியில் கூழ் ஊற்ற வசூலுக்கு வருகிறவர்கள், பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்காரர் ஐந்நூறு கொடுத்த பக்கத்தைத் திறந்தபடியே நீட்டுவார்கள். எவரும் எதுவும் கேட்பதில்லை என்பதைக் கவனிக்க.

மூன்று, மொய். இதைப் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் சாப்பிட்டவர்கள் எழுதட்டும்.

நான்கு, போணித் தாட்சண்யம். முதல் வியாபாரம் கடனாக இருக்கலாகாது என்பது கடைத்தெரு மரபு. மரபறிந்த பாக்கிக்காரர் காலை ஆறரைக்கு வந்து, ஒரு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கிப் போணி செய்துவிட்டுப் பிறகு அரிசியை எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.

ஐந்து, நோட்டுத் தாட்சண்யம். இதுவே நம் பொருள்.

கடன் நோட்டில் ஆட்பெயர் இராது. பெயர் கேட்டால், ஆளை நம்பவில்லை என்றாகிவிடும் அல்லவா. ஆகவே ‘மாடி டீச்சர்’, ‘பச்சை கேட்’, ‘நாய்க்காரர்’, ‘நாய்க்காரர் (நாய் இப்போது இல்லை)’ என்றே காணப்படுகிறது (சிவப்பு அட்டை நோட்டு, ப. 41, எண்ணெய்க்கறைக்கு மேல்). பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டிலுள்ள தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் குறுந்தொகையில் குறித்த மரபு இங்கே உயிரோடிருக்கிறது. பாடபேதமும் உண்டு. ‘மாடி டீச்சர் 640’ என்பதில் கடைசிச் சுழி பூஜ்யமா, நல்லெண்ணெய்ச் சொட்டா? பாடங்களில் சிறிய தொகையை அண்ணாச்சி கொள்கிறார். பதிப்பாசிரியர்கள் பழைய காலத்தைக் கொள்வார்கள். அண்ணாச்சி தன் நஷ்டத்தைத் தானே ஏற்கிறார் என்பதுதான் வேறுபாடு.

இனிக் குனிதல்.

கொடுத்தவர் நிமிர்ந்திருக்க, வாங்கியவர் ஒளிவது உலக வழக்கு. தெருமுனைக் கடையில் இது தலைகீழ். பாக்கிக்காரர் எதிர்வரிசையில் தலை காட்டியதும் அண்ணாச்சி கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடத் தொடங்குகிறார். பாக்கிக்காரரோ அடுத்த தெரு சூப்பர் மார்க்கெட்டில் ரொக்கம் கொடுத்து வாங்கிய பையோடு நிதானமாகக் கடந்து போகிறார். ‘நான் பார்த்துவிட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடுமே’ என்பது குனிந்தவர் கவலை.

இது பற்றி அறிஞரிடையே மூன்று கட்சிகள். காசு விழுந்தது என்போர் நாணயவாதிகள். இவர்கள் கூற்று பொருந்தாது. விழுந்த காசு இத்தனை தடவை பாக்கிக்காரர் வரும் நேரம் பார்த்தே விழாது. முதுகுவலி என்போர் உடலியல்வாதிகள்; இவர்கள் கடைக்கு வந்ததில்லை. வெட்கவாதிகளே உண்மைக்கு அருகில் நிற்கிறார்கள், எனினும் வெட்கம் யாருடையது என்பதில் பிளவுபட்டு இரண்டு ஆய்விதழ் நடத்துகிறார்கள். இரண்டிலும் பணம் கட்டினால் கட்டுரை வரும்.

குனிதலின் அளவு பாக்கியின் அளவைப் பொறுத்தது. ஐந்நூறுக்குள் என்றால் தராசைத் துடைப்பார். ஆயிரம் தாண்டினால் குனிவார். மூவாயிரம் தாண்டினால் பின்கட்டுக்குள் போய் உளுந்து மூட்டையை எண்ணுவார். ஐயாயிரம் தாண்டினால் பாக்கிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுவார். இவ்வுண்மை நிலக்கடலைப் பொட்டலத் தாளொன்றில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது (கூம்பு வடிவச் சுவடி, வெளிப்புறம், வலப்பாதியைத் தின்றவர் வீட்டில் தேடிவருகிறோம், உப்புக்கறையின் அடிப்படையில் காலம் மழைக்கு முந்தியது எனத் துணியலாம்). கடைப்பையனின் வாய்மொழிச் சான்றும் இதற்கு அரண்: “கீழ ஒண்ணும் இல்ல சார், பழைய சாக்குதான்.” பையன் பள்ளியிறுதி தாண்டாதவன் ஆகையால் இச்சான்று ஆய்வாளரே கண்டுபிடித்ததாகக் கொள்ளப்படும்.

கடையில் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்ற பலகை இல்லையா என்பார்க்கு: உண்டு. அதன்மேல் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்குகிறது. தொங்கவிட்டவர் அண்ணாச்சியே. பாக்கிக்காரர் வரும்போது சரத்தைக் கொஞ்சம் அகலமாக விரித்தும் விடுகிறார்.

சட்டமும் கைகொடுக்கும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் பாக்கிக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். நோட்டில் தேதி ‘பொங்கலுக்கு முந்தின செவ்வாய்’ என்றிருக்கிறது. எந்தப் பொங்கல் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கையெழுத்து கேட்கலாமே என்றதற்கு அண்ணாச்சி, “சே, டீச்சர்கிட்டயா?” என்றார்.

தாட்சண்யம் முற்றும் நீங்கிய ஒரே உறுப்பு, கடையில் புதிதாக வந்த பேசும் பெட்டி. முந்நூறு பாக்கிக்குப் பச்சை கேட்காரர் ஃபோனைக் காட்டிப் பத்து அனுப்பியபோது, அது தெருவுக்கே கேட்கும்படி பத்து ரூபாய் என்று அறிவித்தது. அண்ணாச்சி பாய்ந்து சத்தத்தைக் குறைத்தார். பச்சை கேட்காரர் அசையவில்லை.

மேலாய்வுக்கு உரியது ஒன்று. ஏஜென்சி சேல்ஸ்மேன் பழைய பில்லுக்குப் பணம் கேட்டு வண்டியை நிறுத்தும்போதும் அண்ணாச்சி அதே இடத்தில் குனிகிறார். இரண்டு குனிதலும் ஒன்றுதானே, வராத பாக்கியால்தானே இந்தப் பில் நிற்கிறது என்று நெறியாளரிடம் கேட்டேன். ஒன்றாக்கினால் ஒரு முனைவர் பட்டம், பிரித்தால் இரண்டு என்றார். பிரித்திருக்கிறேன்.