பெயர் பின்னர் சொல்லப்படும் வடை

அண்ணாச்சி உப்புக் குப்பியை நகர்த்தினார் என்றால் எங்கோ ஒரு பேஸ்பால் பிட்சர் பெட்டி கட்டப்போகிறான் என்று பொருள்.

நேப்பர்வில்லில் அதே ஓட்டல், அதே ஜன்னலோர மேசை, சனிக்கிழமை மதியம். உப்புக் குப்பி பாஸ்டன். மிளகுக் குப்பி சான் டியேகோ. நடுவில் இருக்கிற சாம்பார்க் கிண்ணம்தான் அண்ணாச்சியின் சிகாகோ ஒயிட் சாக்ஸ். பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

"இங்க பாருடே" என்று தேங்காய்ச் சட்னியையும் காரச் சட்னியையும் உப்புக் குப்பிப் பக்கம் தள்ளுவார். "இந்த ரெண்டு பயலையும் பாஸ்டனுக்குக் குடுக்கோம். ஒருத்தனுக்குத் தோள்பட்டை போச்சு. இன்னொருத்தனுக்குக் கண்ணே தெரியல, வெளிய போற பந்துக்கெல்லாம் மட்டைய வீசிக்கிட்டு நிக்கான். பதிலுக்கு அவன்கிட்ட இருக்க நம்பர் ஒன் பிட்சர நாம எடுத்துக்கிடுதோம்." நம்பர் ஒன் பிட்சர் என்பது என் மசால் தோசையின் முறுகலான ஓரம். சொல்லி முடிப்பதற்குள் அது சிகாகோவுக்கு வந்து, அண்ணாச்சியின் வாய்க்குள் போயிருக்கும்.

"பாஸ்டன்காரன் எதுக்கு அண்ணாச்சி குடுப்பான்?"

"அவனுக்குத் தெரியாதுல்லா."

அண்ணாச்சியின் அணிச் சீரமைப்புக் கொள்கை மொத்தமும் இந்த ஒரு வரிதான். மேஜர் லீக்கில் 30 அணிகள். அதில் 29 ஜெனரல் மேனேஜர்கள் ஏமாளிகள். நம் வீட்டு ஓட்டை உடைசலைக் கொடுத்தால் அவர்கள் வீட்டு வெண்கலப் பானையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். முப்பதாவது ஜெனரல் மேனேஜர் அண்ணாச்சி. அவருக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் வேதனை என்னவென்றால், அண்ணாச்சி தேடும் அந்த ஏமாளி உலகத்தில் இல்லாமல் இல்லை. அவருடைய சொந்த அணியின் ஆபீஸிலேயே அவ்வப்போது இருந்திருக்கிறார். 2016 ஜூனில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற முப்பத்து நாலு வயது பிட்சரை வாங்க, சான் டியேகோவுக்கு இவர்கள் கொடுத்த இருவரில் ஒருவன் பதினேழு வயதுப் பையன். பெயர் பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். பின்னாளில் அவனைப் பார்க்கவே டிக்கெட் எடுத்தார்கள். இந்தப் பெயரை அண்ணாச்சி முன்னால் சொல்லக் கூடாது. சொன்னால் மிளகுக் குப்பியைக் கவிழ்த்துவிடுவார். கொட்டிய மிளகு என் தோசையில்தான் விழும்.

அண்ணாச்சி ஊரிலிருந்து ஒஹேர் விமான நிலையத்தில் வந்து இறங்கியது 2005 கோடையில். அந்த அக்டோபரில் ஒயிட் சாக்ஸ் ஹூஸ்டனை நான்குக்கு நான்கு அடித்து உலகத் தொடரை வென்றது. 1917-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. "எண்பத்தெட்டு வருசமா வராத கப்பு, நான் கால வச்ச வருசம் வந்துட்டுடே" என்பார். பாவம், இது வருஷா வருஷம் நடக்கும் திருவிழா என்று நினைத்துவிட்டார். தேர் அதற்குப் பிறகு நிலையை விட்டு நகரவேயில்லை.

ஒரு தடவை நகரும் போலத்தான் இருந்தது. 2016 டிசம்பரில் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் என்று இளம் பையன்களாக வாங்கிக் குவித்தார்கள். மறு வருஷம் இன்னொரு பிட்சரை ஊருக்குள்ளேயே பங்காளி வீடான கப்ஸுக்குக் கொடுத்து எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் இருவரையும் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சிக்குப் பொங்கலும் தீபாவளியும் ஒன்றாக வந்த மாதிரி. பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் என்றால் அவருக்கு அப்படியொரு மயக்கம். ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அலபாமாவில் பர்மிங்காம் மைனர் லீக் அணியில் ஒவ்வொருவனும் என்ன சாப்பிட்டான் என்பது வரை தெரியும். "மூணே வருசம் பொறு" என்பார். மூன்று வருஷம் கழித்துக் கேட்டாலும் மூன்று வருஷம்தான்.

2021-ல் 93 வெற்றி, பிரிவில் முதலிடம். அதற்குப் பிறகு நடந்ததை அண்ணாச்சி வாயால் கேட்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்பதால் நானே சொல்கிறேன். 162 ஆட்டத்தில் 2022-ல் 81 வெற்றி. 2023-ல் 61. 2024-ல் 41. வருஷத்துக்கு இருபது இருபதாக, மாடிப்படி இறங்குகிற ஒழுங்கோடு இறங்கினார்கள். தோல்விக் கணக்கு மொய் நோட்டு மாதிரி இருந்தது: 101, அடுத்து 121. நவீன காலப் பேஸ்பாலில், 1901-க்கு இந்தப் பக்கம், ஒரே சீசனில் இத்தனை மொய் எழுதிய அணி வேறு இல்லை. நடுவே தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார்கள். அது முடியும் வரை அண்ணாச்சி உப்புக் குப்பியைத் தொடவில்லை. எனக்கு முழு தோசை கிடைத்தது.

சரி, கடைசியில் வந்தவனுக்கு புது ஆட்டக்காரர்களைப் பங்கிடும் அடுத்த டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாவது கிடைக்க வேண்டுமில்லையா? அதுவும் இல்லை. பெரிய நகரத்துப் பணக்கார அணி அடுத்தடுத்து இரண்டு வருஷம் முதல் இடங்களுக்கான லாட்டரியில் நிற்கக் கூடாது என்று விதி. 121 தோற்ற அணிக்கு 2025-ல் பத்தாவது இடம். ரேஷன் கடையில் விடியற்காலையிலிருந்து நின்றவனை, "உங்க வீட்டு வாசல்ல கார் நிக்குதே" என்று வரிசையின் வாலுக்கு அனுப்பிய கதை.

இவ்வளவுக்கும் நடுவில், எனக்கும் அண்ணாச்சிக்கும் உள்ள வடைக் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

பேஸ்பால் வியாபாரத்தில் ஒரு விசித்திர ஷரத்து உண்டு. இன்று உன் ஆளை நான் எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு ஒருவனைத் தருவேன். யார் என்று பிறகு சொல்கிறேன். 'பெயர் பின்னர் சொல்லப்படும் ஆட்டக்காரர்'. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதுவார்கள். 1962-ல் கிளீவ்லாந்து அணி ஹாரி சிட்டி என்ற கேட்சரை இந்த ஷரத்தில் நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பியது. பத்துப் பதினைந்து ஆட்டம் பார்த்த மெட்ஸ், பின்னர் சொல்ல வேண்டிய பெயராக ஹாரி சிட்டியையே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. தனக்குத் தானே ஈடாகப் போய் வந்த மனிதர்.

அண்ணாச்சி இந்த ஷரத்தை மேசைக்குக் கொண்டுவந்தார். என் தட்டிலிருந்து மெதுவடையை எடுப்பார். "பதிலுக்கு?" என்றால், "பொறவு சொல்லுதேன்." இப்படி என் கணக்கில் பதினான்கு வடை நிலுவை. மெட்ஸாவது பதினைந்து ஆட்டத்தில் ஆளைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஜூலைக் கடைசியையொட்டி ட்ரேடுக்குக் கெடு முடியும். சரியாக நம் ஆடி மாசம். அண்ணாச்சி நடை உடை பாவனையெல்லாம் ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் போகிறவர் மாதிரி ஆகிவிடும். மதினி பேசினால் காதில் விழாது. 2024 ஆடியில் கோபெக்கை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பினார்கள். அந்த அக்டோபரிலேயே அவன் அங்கே உலகத் தொடரை வென்றான். அந்த மார்ச்சில் சான் டியேகோவுக்கு விட்ட டிலன் சீஸ், ஜூலையில் ஒரு அணியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல் முழு ஆட்டம் வீசினான். பாஸ்டன், அட்லாண்டா என்று சுற்றிய கிறிஸ் சேல் அதே வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினான். சிகாகோவை விட்டால் எல்லாருக்கும் உடம்பு தேறிவிடுகிறது. "நம்ம ஊர்த் தண்ணி சரியில்லடே" என்றார் அண்ணாச்சி, தீவிரமாக.

அந்த 2024 செப்டம்பர் 24 அன்று என்னையும் இழுத்துக்கொண்டு 35-வது தெரு மைதானத்துக்குப் போனார். ஏற்கெனவே 120 தோல்வி. 1962 மெட்ஸின் கணக்குக்குச் சமம். இன்றைக்கும் தோற்றால் சரித்திரம். கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தது. முதலாளி ரைன்ஸ்டார்ஃப் டீமை விற்றுவிட்டுப் போகவேண்டும் என்று கோஷம். எட்டாவது இன்னிங்ஸில் 0-2 என்று பின்னால் இருந்தவர்கள், என்ன புத்தியோ, மூன்று ரன் அடித்து வென்றுவிட்டார்கள். ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியாத அணி என்று நான் திரும்பினால், அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "தூசிடே." மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் போய் அந்த 121-ஐத் தோற்றார்கள்.

மறு வருஷம் மே மாதம் ஒயிட் சாக்ஸ் ரசிகர் ஒருவர் போப்பாண்டவர் ஆனார். 2005 தொடரின் முதல் ஆட்டத்துக்கு நேரில் வந்து உட்கார்ந்திருந்தவர் பதினான்காம் லியோ. அன்றே அண்ணாச்சி தன் நேர்த்திக்கடனைத் திருச்செந்தூரிலிருந்து ரோமுக்கு ட்ரேட் செய்துவிட்டார். அந்த சீசன் 60 வெற்றி, 102 தோல்வி. "பத்தொம்பது ஆட்டம் முன்னேற்றம்" என்றார், கணக்கில் பெயிலான பையனின் அப்பா குரலில்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இனி முடியவில்லை.

போன மார்ச்சில் என் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். என்னையும். பதினோரு வருஷ வேலை, காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பில் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. சனிக்கிழமை அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். அவர் கை உப்புக் குப்பிக்குப் போனது.

"ஒனக்கு என்ன, நாப்பத்தாறா? சம்பளமும் ஜாஸ்தி. ரீபில்டுன்னு வந்துட்டா மொதல்ல போறது அந்த மாதிரி ஆளுதான்டே. கம்பெனியச் சொல்லிக் குத்தமில்ல."

அண்ணாச்சி, நான் சட்னி இல்லை. நீங்கள் இருபது வருஷமாக இங்கேயும் அங்கேயும் தள்ளுகிற ஒருவனும் சட்னி இல்லை. மதியம் போன் வருகிறது. ராத்திரி வேறு ஊர் ஓட்டல் அறையில் படுக்கிறான். மனைவி வீட்டைக் காலி செய்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடம் மாறுகிறது. லீக்கில் பத்து வருஷம், அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் ஆடியவனுக்குத்தான் 'போக மாட்டேன்' என்று சொல்லும் உரிமை தானாக வரும். எனக்குப் பதினோரு வருஷம் ஆகியும் வரவில்லை. இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. வடையை மட்டும் கையால் மூடிக்கொண்டேன்.

இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது வாரம் சிகாகோ டவுன்டவுனிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. இரண்டே இன்டர்வியூ, வேலை. யார் என் பெயரைக் கொடுத்தது என்று கேட்டால், உங்க ஊர்க்காரர் ஒருவர், நாலு தடவை போன் செய்தார் என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். சாம்பார்க் கிண்ணம் நடுவில். நன்றி சொல்ல வாய் வரவில்லை. வேறு ஏதோ கேட்டேன்.

"அண்ணாச்சி, அவங்க கேக்குற கிளவுடுல எனக்கு ஆறு மாச அனுபவம்கூட கெடையாதே. என்னை எதை நம்பி எடுத்தாங்க?"

உப்புக் குப்பியை ஓரமாக வைத்துவிட்டு என் தட்டிலிருந்து வடையை எடுத்தார்.

"அவனுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

பதிலுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.