மடியில் பெல்ட், வழியில் பயமில்லை

பெரியப்பாவுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நேரடிப் பகை எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை பெல்ட் என்பது போலீஸ்காரர் கேட்டால் காட்ட வேண்டிய சாமான். லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் என்ற வரிசையில் அது நாலாவது. "யாரும் கேக்காதப்போ லைசென்ஸை எடுத்து நெஞ்சுல ஒட்டிக்கிட்டா வண்டி ஓட்டுறோம்? அப்புறம் இதை மட்டும் எதுக்கு மாட்டணும்?" என்பார். கேட்கிறவனுக்கு ஒரு கணம் நியாயமாகவே படும். வக்கீலாகியிருக்க வேண்டிய மனுஷர், அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்.

பெரியப்பா என்று ஒருமையில் சொன்னாலும் அவர் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார். உங்கள் வீட்டில் அவர் மாமாவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம். சில வீடுகளில், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, முப்பது வயதுகூட ஆகாத தம்பியாகவும் இருக்கிறார். உயிருக்குத் துணிந்தவர் என்று மட்டும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவரைப் போன்ற முன்ஜாக்கிரதைக்காரரைத் தெருவிலேயே பார்க்க முடியாது. படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவார்; மூடினோமா என்று பார்க்க இன்னொரு தடவை எழுந்து வருவார். கேட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். இடி இடித்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்குவார். கார் வாங்கிய அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், ஸ்டீயரிங்கில் சந்தனம் குங்குமம், டாஷ்போர்டில் பிள்ளையார், முன் பம்பரில் திருஷ்டிக் கயிறு. ஆபத்து நுழையக்கூடிய வழி அத்தனையையும் அடைத்தாயிற்று, முன் கண்ணாடியைத் தவிர.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அவரோடு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். வண்டலூர் வரைக்கும் பெல்ட் அதன் இடத்தில் சிவனே என்று சுருண்டு கிடக்கும். சிங்கப்பெருமாள் கோயில் சிக்னலில் போலீஸ் தொப்பி ஒன்று தென்பட்டதும் இடது கை வலது தோளுக்குப் போகும். பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, அதன் நாக்கை இடது தொடைக்கு அடியில் செருகி, மேலே உட்கார்ந்துகொள்வார். பக்கிள் இருப்பது அங்கிருந்து நாலு விரற்கடை தூரத்தில். அந்த நாலு விரற்கடையைக் கடக்கத் தன்மானம் இடம் கொடுக்காது. சிக்னல் தாண்டியதும் தொடை லேசாக எழும்பும். பெல்ட் சர்ரென்று திரும்பிப் போகும். பரனூர் டோல்கேட்டில் மறுபடி இதே கச்சேரி. அங்கே ஒரு கான்ஸ்டபிள் குனிந்து பார்த்துவிட்டு, "சார், பக்கத்துலயே ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அதுல சொருகணும்" என்றார் பொறுமையாக. "சொருகத்தான் போனேன், அதுக்குள்ள நீங்க நிறுத்திட்டீங்க" என்றார் பெரியப்பா, அதைவிடப் பொறுமையாக.

2019 அவருக்குச் சோதனையான வருஷம். மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 100 ரூபாயாக இருந்த அபராதத்தை 1000 ரூபாய் ஆக்கினார்கள். அதே வருஷம் ஜூலையிலிருந்து, தயாராகும் கார்களில் முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை மணி கட்டாயமாயிற்று. ரோட்டில் நிற்கிற போலீஸ்காரராவது பின்னால் போய்விடுவார். புதுக் காரில் வந்தவர் செங்கல்பட்டு வரைக்கும் கூடவே உட்கார்ந்து 'டிங் டிங்' என்றார்.

முதலில் பெரியப்பா பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பக்கிளில் மாட்டி, அதன்மேல் சாய்ந்து ஓட்டினார். முதுகு வலித்தது. பிறகு ஒரு கார் சாமான் கடையில் கிளிப் கிடைத்தது. பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக, மேலே கார் கம்பெனியின் முத்திரையோடு. அதைப் பக்கிளில் செருகினால் மணி வாயை மூடிக்கொள்ளும். பெரியப்பா பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் மனதார நம்பிவிடும். மோதும்போது பெல்ட்டை வெடுக்கென்று இறுக்கிப் பிடிக்கிற ஏற்பாடு சில கார்களில் உண்டு; அது இறுக்க, அங்கே ஆள் இருக்க மாட்டார். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. விற்பனைப் பட்டியலிலிருந்து 13,118 கிளிப் பதிவுகள் நீக்கப்பட்டன. செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "நல்லவேளை, அப்பவே வாங்கிட்டேன்" என்றார்.

இந்த மூளை நமக்கு மட்டும் வாய்த்தது என்று பெருமைப்படவும் வழியில்லை. 1989-இல் இத்தாலியில் பெல்ட் கட்டாயமானபோது, குறுக்கே கறுப்புப் பட்டை அச்சடித்த வெள்ளை பனியன்கள் நேப்பிள்ஸ் நகரத்தில் விற்பனைக்கு வந்தன. பெரியப்பாவுக்கு அங்கே தாயாதிகள் இருக்கிறார்கள்.

வாதம் என்று வந்துவிட்டால் அவரிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. பக்கத்துலதானே போறோம். அம்பதைத் தாண்டினதே இல்லை. அம்பாசிடர் காலத்துல எவன் பெல்ட் போட்டான்? கல்யாணத்துக்குப் போகும்போது கஞ்சி போட்ட சட்டை கசங்கினா யார் பதில் சொல்றது? அம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவதும் மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழுவதும் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓர் அடி குட்டையாக இருக்கிறது என்று கொத்தனாரோடு சண்டை போட்ட அதே பெரியப்பாதான் இந்த அம்பதைச் சொல்கிறார்.

கடைசி அஸ்திரம் ஏர்பேக். "ஆறு ஏர்பேக்குக்குக் காசு கொடுத்திருக்கேன்" என்பார். அது ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து வருகிற பை. பெல்ட் ஆளைப் பிடித்து நிறுத்தியிருக்கும், கடைசியில் தலைக்கு மட்டும் நாம் தாங்கு கொடுத்தால் போதும் என்று நம்பி வருகிற பை. பெல்ட் இல்லாத பெரியப்பா எதிர்த் திசையிலிருந்து அதை வரவேற்கப் போவார்.

பின்சீட்டு விஷயத்தில் அவருக்கு வாதமே தேவைப்படவில்லை. புதுக் காரை நேராகச் சீட் கவர் கடைக்கு ஓட்டினார். பழுப்பு நிற ரெக்ஸின் கவர், வைர வடிவத் தையல், விளிம்பில் சிவப்பு நூல். பின்சீட்டு பெல்ட்டின் பக்கிள்கள் மூன்றும் அந்த ரெக்ஸினுக்கு அடியில் சமாதியாயின. ஒருநாள் வீம்புக்கு ஒரு பக்கிளைத் தேடி, சீட் இடுக்கில் கையை முழங்கை வரை விட்டேன். முதலில் வந்தது ஒரு முறுக்குத் துண்டு. பிறகு ஒரு ரூபாய்க் காசு, பேரனின் ஒற்றை சாக்ஸ், ஏதோ கோயில் விபூதிப் பொட்டலம். ஒரு வழியாக பக்கிளின் தலை விரலில் தட்டுப்பட்டது, கவரின் கொக்கிக்குள் சிக்கி. இழுத்தால் தையல் பிரியும் நிலை. "விடுடா, கவர் கிழிஞ்சிடும்" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. முன்னோக்கிப் பார்த்த பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது விதிகளில் இருக்கிறதே என்றேன். "பின்னாடி இருக்கிறவன் முன்சீட்டுமேல மோதுவான், அவ்வளவுதானே" என்றார். அந்த முன்சீட்டில் உட்கார்ந்திருப்பது அவர்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை.

2022 செப்டம்பரில் மும்பைக்கு அருகே பால்கரில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. முன்சீட்டில் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தார்கள். அந்த வாரம் முழுக்க பெரியப்பா விபத்து நடந்த பாலத்தின் வளைவைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் விரிவாகப் பேசினார். ரெக்ஸின் பக்கம் மட்டும் பேச்சு திரும்பவே இல்லை.

மெல்போர்னிலிருந்து அக்கா, அதாவது பெரியப்பாவின் மகள், வந்தால்தான் வீட்டில் சட்டம் ஒழுங்கு நிலைநாட்டப்படும். 1970-லேயே, உலகத்துக்கு முன்னோடியாக, பெல்ட்டைக் கட்டாயமாக்கிய விக்டோரியா மாநிலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பெரியப்பா பெல்ட் போடுவார், ஆனால் அவர் பாணியில். சீட்டை ஈஸிசேர் அளவுக்குச் சாய்த்துக்கொள்வார். தோளில் வர வேண்டிய பட்டையை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வார், கழுத்தை அறுக்கிறதாம். இடுப்புப் பட்டை தொந்தியின் உச்சியில் சவாரி செய்யும்.

"அப்பா, அது இடுப்பெலும்புல உக்காரணும். வயித்துல எலும்பே கிடையாது, மோதினா உள்ள இருக்கிறதை நசுக்கிடும். வயித்தைக் கொஞ்சம் தூக்குங்க."

"தூக்கி எங்க வைக்கிறது?"

அக்கா விடமாட்டாள். சீட்டை நிமிர்த்துவாள். தூணில் பெல்ட் தொங்குகிற கொக்கியை மேலே கீழே நகர்த்தலாம் என்பதே பெரியப்பாவுக்கு அன்றுதான் தெரியும். அதை ஒரு படி இறக்கியதும் பட்டை கழுத்தை விட்டுத் தோளெலும்பின் நடுவில் ஒழுங்காகப் படிந்தது. அக்குளுக்கு அடியில் விட்டால் விலா ஒடியும், ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் ஆபத்து என்று அவள் சொல்ல, பெரியப்பா கோபத்தோடு பெல்ட்டை வெடுக்கென்று இழுப்பார். அது பூட்டிக்கொள்ளும். "பாத்தியா, அதுக்கே என்கிட்ட வர இஷ்டமில்லை!" சுருளுக்குள் இருக்கிற பூட்டு சம்பந்தி வீட்டார் மாதிரி: மெதுவாகக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கி வரும், வெடுக்கென்றால் முறுக்கிக்கொள்ளும். ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் பிடித்துக்கொள்ளத்தான் அந்த முறுக்கு.

மூன்று இடத்தில் பிடிக்கிற இந்த பெல்ட்டை 1959-இல் வால்வோ கம்பெனிக்குச் செய்து கொடுத்தவர் நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன்காரர். அதற்கு முன் சாப் கம்பெனியில் அவர் பார்த்த வேலை, ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிகிற ஏற்பாடு. எறிவதில் கைதேர்ந்தவரைப் பிடித்து வைக்கிற வேலைக்கு எடுத்தார்கள். ஒரே கையால் மாட்டுகிறபடி இருக்க வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட நிபந்தனை. ஒரே கையால் மாட்டாமலும் சமாளிக்கலாம் என்று சிங்கப்பெருமாள் கோயிலில் ஒருவர் கண்டுபிடிப்பார் என அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். தன் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. இலவசமாகக் கிடைத்ததால்தான் நமக்கு மதிப்புத் தெரியவில்லையோ என்னவோ.

சிரிப்பு வராத ஒரே இடம் பேரன். முன்சீட்டில் தாத்தா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிப்பது அவனுக்குக் கொள்ளை ஆசை. "நான் கெட்டியா பிடிச்சிருக்கேன்ல" என்பார். பத்து கிலோ பிள்ளை மோதுகிற கணத்தில் சில நூறு கிலோவாகத் திமிறும். எந்தத் தாத்தாவின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. தாத்தாவுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் இருப்பதும் அவன்தான். பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே 1000 ரூபாய் அபராதம் உண்டு. அக்கா மெல்போர்னிலிருந்து குழந்தை இருக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கனமான இருக்கை, ஐந்து பட்டைகள். இப்போது அது ஹாலில் டி.வி.க்கு எதிரே இருக்கிறது. பேரனை அதில் கட்டிப்போட்டு இட்லி ஊட்டுகிறார்கள். ஓட முடியாது, சௌகரியம்.

போன மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அக்காவின் கெடுபிடியால் இருக்கை ஹாலிலிருந்து காருக்கு வந்தது. ரெக்ஸினில் ஒரு பக்கம் பிளேடு போடப்பட்டது. பேரன் பின்னால், அக்காவும் பெரியம்மாவும் அவனுக்கு இரண்டு பக்கமும். முன்சீட்டு காலி. அதில் மூடி வழிய வழிய ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையச் சாம்பார் வந்து உட்கார்ந்தது. பெரியப்பா காரைச் சுற்றி வந்தார். கிளிப்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். பெல்ட்டை மெதுவாக, அவசரமே இல்லாமல் இழுத்தார். தூக்கின் கழுத்துக்குக் கீழே ஒரு பட்டை, அடிவயிற்றை அணைத்து ஒரு பட்டை. முறுக்கு எதுவும் இல்லாமல் விரலால் நீவிவிட்டார். 'க்ளிக்' என்று மாட்டி, கேட்டுப் பூட்டை இழுக்கிற அதே கையால் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

பின்னாலிருந்து பெரியம்மா கேட்டார்: "ஏங்க, அதுக்கு மட்டும் இவ்வளவு ஒழுங்கா மாட்டத் தெரியுதே?"

"பின்னே? பிரேக் அடிச்சா கொட்டிடாதா?"